தொடரவா என்று கேட்ட பெட்டி

ஒட்டங்குளத்தில் தாலுகா ஆபீசுக்கு நேர் எதிரே, சாக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில், தங்கபுஷ்பம் ஜெராக்ஸ் கடை போட்டுப் பத்தொன்பது வருஷம் முடிந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவளுடைய பழைய பிரிண்டர் யாரோ ஒருவரின் வாரிசுச் சான்று மனுவைப் பாதி விழுங்கிய நிலையில் உயிரை விட்டது. அவள் மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்துச் சாமான்களோடு பழைய இரும்புக் கடைக்கு வந்த இன்னொரு பிரிண்டரை வாங்கிவந்து மேசையில் ஏற்றி, ஒயரைச் செருகி, அது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அதற்கு உண்டான சாஃப்ட்வேரை இன்டர்நெட்டில் இறக்கினால்தான் ஓடும் என்று தெரிந்துகொண்டாள். ஊருக்குள் அந்த அசிங்கம் வந்து சேர்ந்தது இப்படித்தான். வேறு கதை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

அவசரம் அவளுடையது இல்லை, தங்கை புருஷன் இசக்கிராஜுடையது. இசக்கிராஜ் ஊருக்கெல்லாம் கேன் தண்ணீர் போடுகிறவன், தண்ணீருக்கு ராஜதீர்த்தம் என்று பெயர், அந்தத் தீர்த்தம் ஊறி வருகிற போர்க்குழாயோ நகராட்சிக் குப்பைமேட்டுக்கும் ஆடு அறுக்கிற தொட்டிக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் இருந்தது. தங்கபுஷ்பத்தின் கடை இருந்த கட்டடமும் அவனுடையதுதான். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் கல்யாணமே கட்டிக்கொள்ளாத தங்கபுஷ்பம் சமைத்து, குளித்து, தூங்கினாள். அன்றைக்குக் காலையில் அவன் வேறு ஏதோ ஊர்க் கம்பெனியின் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினான்.

"மதினி, பன்னெண்டு மணிக்கு ஆபீசர் வாராரு. பேரை மட்டும் மாத்தி அடிச்சிக் குடுத்திருங்க."

பெயரை மாற்றினாள். பெயர் புதிதாகவும் எண்கள் பழசாகவும் இருந்தால் நன்றாயிராது என்று எண்களையும் அவளாகவே மாற்றினாள், அவன் கேட்கக்கூட இல்லை. பத்தொன்பது வருஷமாக யார் யாருக்கோ எதை எதையோ அடித்துக் கொடுத்த கை, அதற்கு யோசனை எல்லாம் கிடையாது.

பிரிண்டரின் பெயரைத் தட்டித் தேடினால் ஒரு பக்கம் வந்தது, பக்கம் முழுக்கப் பச்சைப் பொத்தான்கள், ஒவ்வொன்றும் என்னை அமுக்கு என்னை அமுக்கு என்று சந்தைக்கடையில் கையைப் பிடித்து இழுக்கிற ஆட்கள் மாதிரி கத்தின. அதில் ஒன்றை அமுக்கினாள். இந்தக் கோப்பு ஆபத்தானதாக இருக்கலாம் என்றது கம்ப்யூட்டர். பரவாயில்லை, வைத்துக்கொள் என்று அமுக்கினாள். இதை வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்றது. தெரியாவிட்டால் போகிறது என்று அமுக்கினாள். வைரஸ் காவலை அணைத்துவிட்டு வா என்று அந்தப் பக்கம் கூசாமல் கேட்டது, அதையும் அணைத்தாள். உன் கம்ப்யூட்டரில் இது மாற்றங்கள் செய்யலாமா என்று கடைசியாகக் கேட்டதற்கு, வாசலில் இசக்கிராஜின் பைக் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபடியால், ஆம், ஆம், ஆம் என்று மூன்று தரம் அமுக்கினாள்.

பிரிண்டர் கனைத்துக்கொண்டு பரிசோதனை அறிக்கையைத் துப்பியது. அதை எடுக்கக் கை நீட்டியபோது, தாளுக்கும் அவள் கைக்கும் நடுவே, அந்தரத்தில், முறத்தளவு மஞ்சள் பெட்டி ஒன்று வந்து நின்றது. அதில் கறுப்பு எழுத்தில் 'இது உங்களுக்குத் தீங்கு விளைவிக்கலாம். தொடரவா?' என்று எழுதியிருந்தது. கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையில் 'ஆம்', அதற்கும் கீழே ஒரு மூலையில், எறும்பு உட்கார்ந்தாலே மறைந்துவிடுகிற அளவில், சாம்பல் நிறத்தில் 'வேண்டாம்'. மணி பதினொன்றே முக்கால். தங்கபுஷ்பம் பச்சையை அமுக்கினாள், பெட்டி போய்விட்டது, ஆனால் விரல் நுனியில் வெட்டிய வெண்டைக்காயின் கொழகொழப்பு ஒட்டிக்கொண்டது, அதிலிருந்து வாளியில் ஊறப்போட்டு நாலு நாள் மறந்துபோன துணியின் வாடை வந்தது. சேலை முந்தானையில் துடைத்தாள், முந்தானையும் நாறியது.

மத்தியானத்துக்குள் பெட்டி ஊருக்குள் இறங்கிவிட்டது. பஜ்ஜிக் கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றது, பிரேக் பிடிக்காத மினி பஸ்ஸின் படிக்கட்டில் நின்றது, படிக்காமலே ஊசி போடுகிற டாக்டரின் வாசல் திரைக்கு முன்னால் நின்றது, ஏலச்சீட்டு பிடிக்கிற அம்மாவின் நெற்றிக்கு நேரே நின்றது, எல்லா இடத்திலும் ஒரே கேள்வியை ஒரே எழுத்தில் கேட்டது. முதல் நாள் கொஞ்சம் பேர் பயந்தார்கள், கோயிலில் ஒரு விசேஷ பூஜை நடந்தது, பூஜை முடிந்து பிரசாதத்துக்குக் கை நீட்டியபோது பிரசாதத்துக்கு முன்னாலும் வந்து நின்றது, பூசாரியே முதலில் அமுக்கிக் காட்டினார். அதன் பிறகு பயம் போய்விட்டது.

இரண்டாம் வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது என்று சொன்னால் போதாது, அதோடு குடும்பமே நடத்த ஆரம்பித்துவிட்டது. பெண்கள் கரண்டிக் காம்பால் அமுக்கினார்கள், ஆண்கள் பைக் சாவியால் அமுக்கினார்கள், பிள்ளைகள் ஓடுகிற ஓட்டத்திலேயே முழங்கையால் இடித்துவிட்டுப் போனார்கள். நுனியில் ரப்பர் வைத்த அமுக்குக் குச்சியைச் சந்தையில் விற்றார்கள், பொதுச்சுவரில் கொழகொழப்பைத் துடைப்பது குற்றம் என்று நகராட்சி அறிவிப்பு ஒட்டியது, அறிவிப்பின் மீதே துடைத்தார்கள். கல்யாணத் தரகர்கள் 'இந்த மாப்பிள்ளைக்கு ஒரு பெட்டிதான், அன்றைக்குப் பார்த்தவனுக்கு மூணு' என்று பெருமை பேசினார்கள். பெட்டி வராத ஒரே ஒரு இட்லிக் கடை இருந்தது, அங்கே என்னமோ சரியில்லை என்று கூட்டம் குறைந்தது. ஊர் முழுக்க அந்த வாடை படிந்தது, துணியில், சோற்றில், குழந்தைகளின் தலைமுடியில். நாறுகிறதே என்று சொன்னவர்களை வெளியூர் ஆட்களோ என்று பார்த்தார்கள்.

உண்மையிலேயே ஒரு வெளியூர் ஆள் இருந்தார், வங்கிக்கு மாற்றலாகி வந்த கந்தப்பன் என்ற ஆபீசர். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூலையில் தேடிப்பிடித்து 'வேண்டாம்' என்பதை அமுக்கினார். மினி பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது, ஊருக்கு வேறு பஸ் கிடையாது. பஜ்ஜி வேண்டாம் என்றார், பட்டினி கிடந்தார். கேன் தண்ணீர் வேண்டாம் என்றார், நகராட்சிக் குழாயில் தண்ணீர் வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் டீக்கடையில் நின்று, ஒரு கையில் பஜ்ஜியும் மறு கையில் தண்ணீருமாக, இரண்டு பெட்டிகளையும் நெற்றியாலேயே முட்டி அமுக்கியதைத் தங்கபுஷ்பம் கடையிலிருந்து பார்த்தாள்.

அவளுக்குக் குமட்டியது. சாம்பலும் புளியும் போட்டு விரலைத் தேய்த்தாள், வாடை போகவில்லை. ஊர்க்காரர்கள் மீது அருவருப்பு, அதைவிட அந்தப் பெட்டியின் மீது அருவருப்பு. என்ன தீங்கு என்று சொல்லாது, யாரால் என்று சொல்லாது, வேறு எங்கே போகலாம் என்று சொல்லாது. சொல்லிவிட்டேன், இனி உன் பாடு என்று விரலில் எச்சிலைத் துப்பிவிட்டுப் போய்விடும். என்ன பிழைப்பு இது.

அப்படி அருவருத்துக்கொண்டிருந்தவள் தங்கையைப் பார்க்கப் போன வெள்ளிக்கிழமை காலையில்தான் உண்மையான அசிங்கம் எது என்று கண்டாள். தங்கை சண்முகக்கனிக்கு முப்பத்தைந்து வயது, கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள், ஐந்தாம் மாதம். பெட்டி வந்த முதல் வாரத்தில் கேன் விற்பனை கொஞ்சம் தொய்ந்தபோது இசக்கிராஜ் ஒரு ஏற்பாடு செய்திருந்தான்: காலை எட்டு மணிக்கு, வீட்டை ஒட்டிய தண்ணீர் டிப்போ வாசலில், ஒரு நாற்காலியில், பட்டுச்சேலை கட்டித் தலை நிறையப் பூ வைத்த கனியை வயிறு தெரிய உட்காரவைத்து, ராஜதீர்த்தத்தில் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்து, காலிக் கேனோடு வரிசையில் நிற்கிற நாற்பது பேரும் பார்க்கக் குடிக்கச் சொல்வான். வாயும் வயிறுமாக இருக்கிறவளே குடிக்கிறாள், நமக்கென்ன என்று வரிசை நகரும். நாற்காலிக்குப் பின்னால் சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு, தங்கபுஷ்பம் அடித்துக் கொடுத்த பரிசோதனை அறிக்கை தொங்கியது.

டம்ளருக்கு முன்னால் பெட்டி வந்தது. கனி அதைப் பார்க்கக்கூட இல்லை, டம்ளரின் விளிம்பாலேயே பச்சையை இடித்துவிட்டு, மூச்சுப் பிடித்துக் குடித்தாள். தங்கபுஷ்பம் டிப்போவின் பக்கவாட்டில் போய் வாந்தி எடுத்தாள்.

"கனியை ஏன் தம்பி இதுல இழுக்கீங்க?" என்று இசக்கிராஜிடம் கேட்டாள். "அந்தத் தண்ணியோட லட்சணம் உங்களுக்குத் தெரியாதா?"

"நான் என்னத்த மறைச்சேன் மதினி?" என்றான் அவன், குரலில் கோபமே இல்லாமல். "ஒவ்வொருத்தன்கிட்டயும் பெட்டி சொல்லுது. உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லுது. அமுக்குறது அவங்க கை. நான் யார் விரலையும் பிடிச்சு வைக்கல."

உள்ளேயிருந்து அவன் அம்மா செல்லக்கிளி, வாயில் வெற்றிலையோடு வந்தாள். "எங்க வீட்டுத் தண்ணிய எங்க வீட்டு மருமகளே குடிக்கலேன்னா ஊர்ல எவன் குடிப்பான்? பெரிசா பேச வந்துட்டா." துப்பிவிட்டுச் சொன்னாள்: "சுவத்துல தொங்குறது உன் கை வேலதான, அதை முதல்ல பாரு."

இசக்கிராஜ் சிரித்தான். "விடும்மா. மதினிக்கு வீடு, கடை எல்லாம் நம்ம இடத்துலதான இருக்கு, நம்மள விட்டா அவங்களுக்கு யாரு."

தங்கபுஷ்பம் வாயை மூடிக்கொண்டு திரும்பினாள். ஒரு நாள் இல்லை, இருபத்திரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். காலை எட்டு மணிக்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து, வரிசை கலைகிற சத்தம் கேட்டதும் ஏற்றினாள், சோறு இறங்கவில்லை, யார் என்ன அடிக்கச் சொன்னாலும் அடித்தாள், வருகிற பெட்டியையெல்லாம் அமுக்கினாள். ஊரைப் பார்த்துக் குமட்டியதெல்லாம் இப்போது கண்ணாடி பார்க்கும்போது வந்தது. இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டா ஊரைச் சொன்னோம் என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள். சீ.

இருபத்திமூன்றாம் நாள் நர்ஸ் எமிலி ஒரு விண்ணப்பம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவள், தாள் வருகிற வரைக்கும் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "உங்க தங்கச்சிக்குக் கால் வீங்குது, முகம் வீங்குது, கையில திட்டுத் திட்டா வருது. அவ என்ன குடிக்கிறான்னு எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லிப் பாத்துட்டேன், சிரிக்கா. நீங்களாவது சொல்லுங்கக்கா, இப்படியே போனா பிள்ளை தங்காது" என்றாள்.

தங்கபுஷ்பம் ஜெராக்ஸ் மிஷினை ஓடுகிற ஓட்டத்திலேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தாள். மணி எட்டு ஆகிக்கொண்டிருந்தது. டிப்போ வாசலில் நாற்பது பேர், நாற்பது கேன், நாற்காலியில் கனி, தலையில் பூ, பூவிலும் அந்த வாடை. கனியின் விரல்கள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் உப்பியிருந்தன. தங்கபுஷ்பம் நேராகப் போய், சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றி, வரிசைக்கு முன்னால் நின்று சொன்னாள்.

"இது பொய். இதுல இருக்கிற ஒரு நம்பர்கூட எந்த லேப்லயும் எடுத்தது இல்ல. நான் உக்காந்து என் கையால அடிச்சது. இந்தத் தண்ணிய யாருமே சோதிக்கல."

அடி விழும், மண்ணை வாரித் தூற்றுவார்கள், கேனைத் தூக்கி எறிவார்கள் என்றெல்லாம் அவள் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். வரிசையில் முதல் ஆளாக நின்ற டெய்லர் பால்வண்ணம் கேனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியும்மா. கொஞ்சம் தள்ளி நின்னுக்கிடுங்க, எனக்குக் கடை திறக்கணும்."

பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். அவ்வளவுதான். ஊரே தெரிந்துகொண்டு நின்றது, தெரிந்துகொண்டே கேனை நீட்டியது. தங்கபுஷ்பம் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியும்க்கா" என்றாள் கனி, மெதுவாக. "நீ அடிச்சுக் குடுத்த அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமாடி குடிச்சே? தெனமும் கேக்குதுல்ல. வேண்டாம்னு ஒரு நாளாவது அமுக்கிருக்கக் கூடாதா?"

"அமுக்கிட்டு எங்க போக?" கனி அழவில்லை, கணக்கு வாத்தியாருக்குப் பதில் சொல்கிறமாதிரி சொன்னாள். "அது வேண்டாமான்னுதான்க்கா கேக்கும். வான்னு யாரும் கூப்பிடலையே. நீ அன்னைக்கு வந்தே, பாத்தே, வாந்தி எடுத்தே, போயிட்டே. இருபத்திரண்டு நாளு நான் எண்ணிக்கிட்டு இருக்கேன்."

இசக்கிராஜ் உள்ளேயிருந்து வந்தான். நேரமாகிறது என்று கனியிடம் டம்ளரைக் காட்டினான், பிறகு தாலுகா ஆபீஸ் திசையை, மதினியின் கடை இருந்த திசையை, ஒரு தரம் பார்த்தான். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது.

தங்கபுஷ்பம் கையை நீட்டினாள். "வா" என்றாள்.

நீட்டிய கைக்கும் தங்கைக்கும் நடுவே பெட்டி வந்து நின்றது. இத்தனை நாளில் இவ்வளவு பெரிய பெட்டியை அவள் பார்த்ததில்லை, கதவளவு இருந்தது, கனியின் முகமே மறைந்துவிட்டது. இவள் உங்களுக்குத் தீங்கு விளைவிக்கலாம், தொடரவா என்று கேட்டது. கடை போகும், பின்னால் இருந்த அறை போகும், நாற்பத்தாறு வயதில் பிரிண்டரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது என்று தெரியாது. வரிசை முழுக்க அவள் விரலையே பார்த்தது.

"விளைவிக்கட்டும்" என்றாள் தங்கபுஷ்பம், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற குரலில், பச்சையில் உள்ளங்கையையே வைத்து அழுத்தினாள். முழங்கை வரைக்கும் வழிந்தது. அந்தக் கையாலேயே தங்கையின் தோளைப் பிடித்தாள்.

கனி டம்ளரைப் பார்த்தாள். அதற்கு முன்னால் அவளுடைய பெட்டி இன்னும் காத்துக்கொண்டிருந்தது. "எங்கக்கா இருக்கு அது?" என்று கேட்டாள், எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. தங்கபுஷ்பம் மூலையைக் காட்டினாள். உப்பிய விரலின் நகத்தால் கனி அதை அமுக்கினாள், பெட்டி போய்விட்டது, நகத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு எழுந்தாள்.

தெருமுனையில் நின்ற ஆட்டோவில் இரண்டு பேரும் ஏறினார்கள். எமிலி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு முதலில் போவது, அதற்குப் பிறகு எங்கே என்பது அதற்குப் பிறகு. ஆட்டோ திரும்ப இடம் இல்லாமல் டிப்போ வாசல் வரைக்கும் வந்துதான் வளைந்தது. வரிசை கலையவில்லை. நாற்பது பேரும் காலியான நாற்காலியைப் பார்த்தபடி, கேனைக் கீழே வைக்காமல் நின்றார்கள், அவர்களுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"யம்மா, நீ வந்து உக்காரு" என்று இசக்கிராஜ் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

செல்லக்கிளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மகன் டம்ளர் நிறைய ஊற்றிக் கையில் கொடுத்தான். பெட்டி வந்து நின்றது. அவள் மகனைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், டம்ளரை மடியில் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் தடவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.